எடுத்த நேரம்

செருப்புக்குப் பெயர் வைப்பது என் உத்தியோகம். சிரிக்க வேண்டாம். எங்கள் காலணி நிறுவனத்தில் தினமும் நூற்றுக்கணக்கில் படம் எடுக்கிறார்கள். கேமரா தன் பாட்டுக்கு ஏதோ ஓர் எண்ணைப் பெயராகப் போட்டுத் தள்ளிவிடும். அதை மாடல், நிறம், அளவு, இடது, வலது என்று மாற்றித் தருவது நான். ஒவ்வொன்றாகக் கையால் மாற்றினால் தலை நரைத்துவிடும். அதற்காகப் பத்து வரியில் ஷெல் ஸ்கிரிப்ட் என்று ஒரு கட்டளைப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். கறுப்புத் திரையில் அதைத் தட்டிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் ஃபோல்டர் முழுவதும் பெயர் மாறியிருக்கும். மேலாளர் மட்டும் இன்னும் நான் உட்கார்ந்து டைப் அடிப்பதாகவே நம்பி, "பாவம், விரல் வலிக்காதா?" என்பார். நானும் முகத்தைக் கொஞ்சம் வாட வைத்துக்கொள்வேன்.

இந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. முதல் தடவை ஓட்டும்போது, பெயரை மாற்று என்ற கட்டளைக்கு முன்னால் எக்கோ என்று ஒரு சொல்லைப் போட்டுவிடுவேன். அப்போது எதுவும் மாறாது. இதை இப்படி மாற்றப் போகிறேன், அதை அப்படி மாற்றப் போகிறேன் என்று திரையில் சொல்லிக் காட்டும், அவ்வளவுதான். மனம் ஒப்பினால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு நிஜமாக ஓட்டலாம். ஏனென்றால் இரண்டு படத்துக்கு ஒரே பெயர் விழுந்தால், பின்னால் வருவது முன்னால் இருப்பதை விழுங்கிவிடும். அழுது புரண்டாலும் திரும்பக் கிடைக்காது.

வீட்டில் நானும் என் மாமியாரும்தான். என் கணவர் வெல்டிங் இன்ஸ்பெக்டர். கடல் தாண்டி ஒரு நாட்டில் பாலம் கட்டுகிறார்கள். இரும்போடு இரும்பு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பாலம் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று போனவர் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. அத்தையும் நானும் ஒரே ஆளுக்காகக் காத்திருப்பதால் எங்களுக்குள் ஓயாத போட்டி. போனில் யாரிடம் கூடுதலாகப் பேசினார், இளைத்துப் போனதை யார் முதலில் கண்டுபிடித்தது என்று வாய்ச்சண்டை நடக்கும். "பெத்தவளுக்குத் தெரியாதா?" என்பார். "கட்டினவளுக்குத் தெரியாதா?" என்பேன்.

கிளம்பும்போது என் கணவர் எங்கள் பழைய சின்னக் கேமராவை எடுத்துக்கொண்டார். போன் என்றால் நாடு மாறியதும் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். இதற்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அங்கே நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். இப்போதே மாற்றி வைத்துவிடுகிறேன் என்று வாங்கினேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். இது நம்ம வீட்டு நேரத்துலயே ஓடட்டும். இதைத் திறந்தா, நீ இப்ப என்ன பண்ணிட்டிருப்பேன்னு எனக்குத் தெரியணும்."

இதற்கு உருகாதவள் யார்? நான் உருகினேன். இரண்டு வருஷமும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் குடும்பம் நடத்தினேன்.

வருஷக் கடைசியில் அவர் வரப் போகிறார் என்றதும் எனக்கு ஓர் ஆசை வந்தது. அவர் அனுப்பிய படங்களையும் நான் போனில் எடுத்த படங்களையும் ஒன்றாகக் கலந்து ஒரு புத்தகமாக அச்சடிக்க வேண்டும். இடது பக்கம் நாங்கள், வலது பக்கம் அதே நேரத்தில் அவர். பிரிந்தே இருக்கவில்லை என்று எங்களை நாங்களே ஏமாற்றிக்கொள்ள ஒரு புத்தகம். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அதை எடுத்த நேரம் பதிந்திருக்கும். அதைப் பிடுங்கி, வருஷம், மாதம், தேதி, மணி என்று பெயராக வைத்துவிட்டால் எல்லாம் தானாக வரிசையில் நின்றுவிடும். இரண்டு கேமராவிலும் ஒரே நேரம்தானே, கூட்டல் கழித்தல் கூட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுதி முடித்து, எக்கோவோடு ஓட்டினேன். பெயர்கள் கடகடவென்று ஓடின. அத்தைக்குப் பெயர் எதற்கு, படம்தான் வேண்டும். அதே வரிசையில் படங்களைத் திறந்து காட்டிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நிறுத்து, நிறுத்து! அங்க பாரேன்!"

ஒரு படத்தில் அத்தை வாய் நிறையச் சோற்றோடு என்னை முறைக்கிறார். மணி பன்னிரண்டு. பக்கத்துப் படத்தில் என் கணவரும் அவரோடு வேலை செய்கிறவர்களும் இரும்புக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறார்கள். அதிலும் பன்னிரண்டு.

"ஒண்ணா உக்காந்து சாப்பிட்டிருக்கோம்மா! ரெண்டே நிமிஷம்தான் வித்தியாசம்!" அத்தைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் மணியை இன்னொரு தடவை பார்த்தேன். அங்கே மத்தியானச் சாப்பாடு என்றால் இங்கே சாயங்காலம். அந்தக் கேமராவில் ஐந்தரை என்று இருக்க வேண்டும். பட்டியலில் மேலே போய்ப் பார்த்தேன். நான்கு மாதம் முன்பு வரை அவர் சாப்பாடெல்லாம் ஐந்தரைக்குத்தான் நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு எல்லாம் பன்னிரண்டு மணிக்கு. படங்களை வந்ததும் வந்ததுமாகப் பார்த்தவள்தான் நான். முகத்தைப் பார்த்தேனே தவிர மணியை எங்கே பார்த்தேன்?

முதலில் என் ஸ்கிரிப்டைச் சந்தேகப்பட்டேன். தப்பில்லை. பிறகு பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்ன, வேண்டிக்கொண்டேன். பேட்டரி தீர்ந்தால் அந்தக் கேமரா எல்லாவற்றையும் மறந்து, தான் பிறந்த வருஷத்துக்கே போய் நிற்கும். அப்படி ஒரு படமும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதில் மாறிய இடம் அகப்பட்டது. அடுத்தடுத்த இரண்டு படங்கள். கிரேனுக்குக் கீழே எட்டுப் பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முதல் படத்தில் அவர் இல்லை, அவர்தான் எடுக்கிறார். மணி ஐந்து நாற்பது. அடுத்ததில் டைமர் வைத்துவிட்டு ஓடிவந்து ஓரத்தில் நின்று சிரிக்கிறார். மணி பன்னிரண்டு பதினொன்று. கையால்தான் மாற்றியிருக்கிறார்.

பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கூப்பிட்டேன்.

"ஏங்க, கேமராவுல நேரத்தை மாத்தினீங்களா?"

"அது எப்படி உனக்கு..."

"எப்படிங்கறதை விடுங்க. ஏன்?"

"அன்னிக்குத்தான் அடுத்த பாலத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் சேந்து போட்டோம். நேர்ல வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

"எத்தனை வருஷம்?"

"மூணு. நடுவுல லீவுல வருவேன்மா."

எதற்காக என்று காரணம் சொன்னார். எல்லாம் நியாயமான காரணங்கள். நியாயமாக இருந்ததுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் ஒரு செருப்புப் படத்துக்குப் பேர் மாத்தறதுக்கே, 'இப்படி மாத்தப் போறேன்'னு முதல்ல சொல்லிப் பாத்துட்டுத்தான் மாத்தறேன். என்னோட மூணு வருஷத்தை மாத்தறதுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா வேணாம்பே. நீ வேணாம்னா நான் வந்துடுவேன்."

"நல்லாயிருக்கு. சரி, நேரத்தை எதுக்கு மாத்தினீங்க? அதுவும் காண்ட்ராக்ட்ல இருந்துச்சா?"

"டைமர் வைக்கறதுக்காகத் திறந்தேன். அஞ்சு நாப்பதுன்னு காட்டுச்சு. நீ ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறக்கற நேரம். இன்னும் மூணு வருஷம் தினமும் அதைப் பாத்துக்கிட்டே என்னால வேலை செய்ய முடியாதும்மா. அதான்."

திட்டுவதற்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். கதவைத் திறந்தால் உள்ளே இந்த மனிதர் இருக்க வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்று மட்டும் தோன்றியது. அதையும் சொல்லவில்லை. சொன்னால் வந்துவிடுவாரே. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "இங்க இப்பதான் பத்து மணி" என்றார்.

உள்ளே வந்து ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். அந்த எட்டுப் பேர் படத்தில் இரண்டாவதில் தொடங்கி, அவர் படங்களுக்கெல்லாம் ஐந்தரை மணி நேரம் கூட்டு. எக்கோவை எடுத்துவிட்டு ஓட்டினேன். அவருடைய சாப்பாடு எங்கள் சாயங்காலத்துக்கு நகர்ந்துவிட்டது. எங்கள் மத்தியானத்துக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து தேடினார். "நாம ஒண்ணா சாப்பிட்டது எங்கம்மா?"

சொன்னேன். கேமரா நேரத்தையும் சொன்னேன், மூன்று வருஷத்தையும் சொன்னேன். அத்தை கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ மாத்தாமலே விட்டிருக்கலாம்ல?"

மாற்றியது நான் இல்லை, உங்கள் பிள்ளை என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். "அவர் சாப்பிடறப்ப நமக்கு அஞ்சரை அத்தே. அதுதான் நிஜம்" என்றேன். அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றைக்கு எங்களுக்குள் ஒரு சண்டைகூட இல்லை.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்தேன். சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டு, இரண்டும் மூடி வைத்தபடி. அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையில் நான் மத்தியானத்துக்கென்று வைத்துவிட்டுப் போன சாப்பாட்டைத் தொடவே இல்லை.

"என்ன அத்தே இது? பட்டினியாவா இருந்தீங்க? சர்க்கரை இருக்கற உடம்பு, மயக்கம் போட்டு விழுந்தா யார் பாக்கறது?" கத்தினேன்.

"காலைல நல்லாத்தான் சாப்பிட்டேன். கத்தாதே." ஒரு தட்டின் மூடியை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "சீக்கிரம் வா. அவன் இப்பதான் சாப்பிட உக்காந்திருப்பான்."

திட்டிக்கொண்டே போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.