பையனைவிட ஒரு பேப்பர் அதிகம்

கூடத்தில் இருந்தவர்கள்: எங்கள் அப்பா கண்ணையன், இஸ்திரி போட்ட சட்டையில். மாப்பிள்ளை செல்வகுமார், பிளஸ் டூ, சொந்த டிராக்டர். அவருடைய அம்மா பாஞ்சாலி, மடியில் மல்லிகைப் பொட்டலத்தோடு. மாப்பிள்ளையின் தாய்மாமன் அரங்கநாதன், பேச வேண்டியதையெல்லாம் பேசுவதற்காக. சமையற்கட்டு வாசலில் எங்கள் அம்மா முனியம்மாள், பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. கடைசியாக நான், பார்த்திபன். திண்டிவனம் பைபாஸில் பெட்ரோல் பங்க்கின் ராத்திரி ஷிப்ட் முடிந்து, டீசல் வாடையோடு நேராக வந்து உட்கார்ந்திருந்தேன்.

"எம் பையன் பி.ஏ. பொண்ணு பன்னண்டாவது, வூட்ல தான் இருக்குது" என்றார் அப்பா.

ஒரே மூச்சில் இரண்டு பொய். பி.ஏ. வரலாறு மூன்றாம் வருஷம் படிப்பவள் என் தங்கை துர்கா. அன்று காலை பத்து மணிக்குத் திண்டிவனம் அரசுக் கல்லூரியில் அவளுக்குக் கடைசிப் பேப்பர். நானும் அதே கல்லூரியில் அதே வரலாற்றில் சேர்ந்தவன்தான். நான் படிப்பை விட்டேனா, படிப்பு என்னை விட்டதா என்பதில் வீட்டில் இன்னும் ஒரு முடிவு இல்லை.

பொய்க்குக் காரணம் தரகர். "பையனுக்கு மேல படிச்ச பொண்ணு வேணாங்கிறாங்க" என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அடுத்த வாரம் வருவதாக இருந்தவர்கள், வளர்பிறை முடிகிறதென்று சொல்லாமல் கொள்ளாமல் சுமோவில் வந்து இறங்கிவிட்டார்கள். பெண் பார்த்த கையோடு பூவும் வைத்துவிடுவதாக ஏற்பாடு. எங்கள் பக்கம் பூ வைத்த பெண் தாலி ஏறும்வரை வாசற்படி தாண்டக் கூடாது. பரீட்சை என்றாலும் கூடாது. பரீட்சை எழுதும் பெண்ணுக்குப் பூ வைக்கும் நிலைமை இதற்குமுன் வந்ததில்லை என்பதால் விதிவிலக்கு எதுவும் யோசிக்கப்படவில்லை.

அரங்கநாதன் என் பக்கம் திரும்பினார். "தம்பி எந்த வருசம் முடிச்சீங்க?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"முடிக்கலீங்க. ஒரு பேப்பரு அரியரு."

"அட, அது கெடக்குது. ஆம்பளைக்கு அதெல்லாம் ஒரு கொறயா? காலேஜ் வாசல மெதிச்சா பி.ஏ. தான்."

மூன்று வருஷம் பல்கலைக்கழகம் தர மறுத்ததை அவர் ஒரு டம்ளர் காப்பியில் கொடுத்துவிட்டார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போது துர்கா பஜ்ஜித் தட்டோடு வந்தாள். புடவை கட்டியிருந்தாள். தோளில் காலேஜ் பை. அம்மா உள்ளேயிருந்து கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். பை இறங்கவில்லை.

"வூட்ல இன்னாம்மா பண்ணிக்கினு இருக்க? டைலரிங்கா?" என்றாள் பாஞ்சாலி.

"பி.ஏ. படிக்கிறேங்க. இன்னிக்கு கடைசிப் பரிச்ச. பத்து மணிக்கு."

கூடத்தில் யாரும் பஜ்ஜியைத் தொடவில்லை. செல்வகுமார் மட்டும் ஒன்றை எடுத்துவிட்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சம்மந்தி இது?" என்றாள் பாஞ்சாலி. "நாளைக்கு எம்மவன் ஒரு வார்த்த சொன்னா, இது ஒம்போது வார்த்த சொல்லாதா?"

அரங்கநாதன்தான் வழி கண்டுபிடித்தார்.

"இரு அக்கா. இன்னும் ஒரு பேப்பரு பாக்கிதானே? அத எழுதாம வுட்டா பி.ஏ. ஆவுமா? ஆவாது. அப்போ பொண்ணு பன்னண்டாவதுதான். சம்மந்தி சொன்னது பொய்யும் இல்ல. பேஜாரு முடிஞ்சிது. ஜல்தியா பூவ வையி."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. அப்பா சிரித்தேவிட்டார். ஒரு பேப்பரை விட்டால் நான் பி.ஏ., ஒரு பேப்பரை விட்டால் அவள் பன்னிரண்டாவது. இதில் கணக்குப் பிசகு எங்கே என்று தூக்கக் கலக்கத்தில் எனக்கு உடனே பிடிபடவில்லை.

துர்கா தட்டைக் கீழே வைத்தாள். "சாயங்காலம் வந்து உக்காந்துக்கறேன். அப்போ வைங்க. அண்ணா, வண்டிய எடு."

"டேய், சாவியக் குடுறா!" என்றார் அப்பா.

நான் கொடுக்கவில்லை. அதை வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாவி என் பையில் இருந்தது, கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் நான்தான். வாழ்க்கையில் சரியான இடத்தில் உட்கார்ந்தது அந்த ஒரு தடவை.

சுமோ டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால் என் டி.வி.எஸ். மொபெட் முந்திக்கொண்டது. வழியெல்லாம் அவள் என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்துப் படித்துக்கொண்டே வந்தாள். சமூகச் சீர்திருத்த இயக்கங்கள். பெண் கல்வி பற்றி அதில் பத்து மார்க் கேள்வி தவறாமல் வரும். நானும் திரும்பத் திரும்ப எழுதியவன். என் பதிலை ஒருவரும் நம்பவில்லை.

கல்லூரி வாசலில் பெரிய கேட்டை மூடி, அதிலிருந்த சின்னக் கதவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நின்றார் வாட்ச்மேன் அந்தோணிசாமி. மணி பத்தரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் யாரையும் விடமாட்டார்கள்.

"இன்னாப்பா, இந்த வாட்டியும் அரியரா?" என்றார் என்னிடம்.

"எனக்கில்லண்ணே. தங்கச்சிக்குப் பரிச்ச."

துர்கா ஹால் டிக்கெட்டை எடுப்பதற்குள் பின்னால் சுமோ வந்து நின்றது. அப்பா குதித்தார். அவருக்குப் பின்னால் பாஞ்சாலி பூவோடு ஓடிவந்தாள்.

"நில்லும்மா. ஒரு நிமிசம். தலைய காட்டு."

"வச்சிட்டு உள்ள போவ வுடுவீங்களா?"

"பூ வச்ச பொண்ணு எங்கம்மா போவும்?"

"அப்போ வேணாங்க."

வண்டிக்குள்ளிருந்து செல்வகுமார் தலையை நீட்டினார். "எழுதிட்டு வரட்டுமேம்மா."

"நீ சும்மா இர்றா!" என்றார்கள் பாஞ்சாலியும் அரங்கநாதனும் சேர்ந்து. அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. தாழ்ந்த குரலில் சொன்னார். "துர்கா. உள்ள காலு வச்சின்னா, திரும்பி வூட்டுக்கு வராத."

அவள் கொஞ்சம் நின்றாள். கண் கலங்கியதா என்று நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

"அண்ணா, பேனா குடு. அவசரத்துல மறந்துட்டேன்."

பங்க்கில் பில் எழுதும் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். பி.ஏ.வுக்கு நான் செய்த ஒரே காரியம் அது.

குனிந்து உள்ளே போனாள். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டார். "வுடுய்யா. நான் அவ அப்பன்."

"ஹால் டிக்கெட் இருக்குதா?" என்றார் அந்தோணிசாமி.

அப்பா கையை எடுத்தார். உள்ளே அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். அந்தோணிசாமி கதவைச் சாத்தி, உள்பக்கம் பூட்டினார்.