காதும் நனைந்தது

"ஷூவைக் காணோம்!" என்று கூவிக்கொண்டே நின்கெ முன்னறைக்குள் ஓடினாள். அம்மா மரீகெயும் பின்னால் ஓடினாள்.

ஜன்னலோரக் கட்டிலில் மரீகெயின் கணவன் ஷூர்ட் நீலச் சட்டையோடு கிடந்தான். நேற்று விடியும்போது மூச்சு அடங்கிவிட்டது. திங்கட்கிழமை அடக்கம்; ஊர் வழக்கப்படி அதுவரை உடல் வீட்டில்தான். மகள் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் புகுந்து, பழைய ஷூக்களோடு வெளியே வந்தாள்.

"வீட்ல சாவை வச்சுக்கிட்டு நீச்சல் பரீட்சையா?" என்றாள் ஷூர்டின் அக்கா ஹெட்டி. "பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க மரீகெ?"

"அப்பாதான் போகச் சொன்னாரு அத்தை. என்ன ஆனாலும் போகணும்னாரு" என்றாள் நின்கெ.

ஹெட்டி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க. நான் இவன்கூட இருக்கேன்."

வாசலைத் தாண்டினால் கால்வாய் ஓடும் ஊர். மூன்று வயதில் அதில் விழுந்து எழுந்ததிலிருந்து நின்கெவுக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். ஷூர்ட் அவளை அதட்டவே இல்லை. குளியல் தொட்டியருகே மண்டியிட்டு உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி கொண்டாடுவான். "மூக்கு நனைஞ்சுது! மரீகெ, ஓடி வா, இவளே மூக்கை நனைச்சுட்டா!" மூக்கு நனைந்ததற்கெல்லாம் கைதட்டினால் பிள்ளை உருப்படுமா என்று மரீகெ சிரிப்பாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், "பயப்படாதே, அப்படி இல்ல, இப்படி."

நீச்சல் குளத்தில் ஒரே இரைச்சல். கால்வாயில் தவறி விழுந்தாலும் நீந்தத் தெரியவேண்டும் என்பதால், உடுப்போடும் ஷூவோடும்தான் பரீட்சை; பிள்ளைகள் வரிசையாகக் குதித்தார்கள். தண்ணீருக்குள் தொங்கும் தார்ப்பாயின் ஓட்டை வழியாக மூழ்கி மறுபக்கம் போகவேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை நின்கெ அதன் முன்னால் அழுது திரும்பியிருந்தாள்.

இன்றும் அதன் முன்னால் வந்து நின்றாள். கரையைத் திரும்பிப் பார்த்தாள். உதடு துடித்தது.

'பயப்படாதே' என்பது மரீகெயின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் மகளை உற்றுப் பார்த்தாள்.

"தாடை தண்ணிக்குள்ள இருக்கு!" என்று கத்தினாள். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நின்கெ! தாடையை நீயே இறக்கிட்டே!"

நின்கெயின் கண்கள் விரிந்தன. இன்னும் கொஞ்சம் இறங்கினாள்.

"வாயும் போச்சு! ஆகா, மூக்கும்! காது... காதும் நனைஞ்சுடுச்சு!"

தலை மறைந்தது. மரீகெ தன் மூச்சையும் பிடித்துக்கொண்டாள். தார்ப்பாய் ஒருமுறை புடைத்தது. மறுபக்கம் முதலில் ஒரு கை, பிறகு இருமிக்கொண்டே சிரிக்கும் முகம். மரீகெ குதித்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்தாள். அவள் யாருடைய அம்மாவோ, அவளும் சேர்ந்து குதித்தாள்.

வீடு திரும்பியதும் நின்கெ நேரே முன்னறைக்கு ஓடினாள். ஹெட்டி எழுந்து இடம் விட்டாள். கதவுக்கு வெளியே நின்ற மரீகெவுக்கு, மூச்சுவிடாமல் பேசும் அந்தக் குரல் மட்டும் கேட்டது.

அழைப்புமணி அடித்தது. நின்கெதான் போய்த் திறந்தாள். எதிர்வீட்டு தீமென், துக்கம் விசாரிக்கக் கறுப்புக் கோட்டில் வந்திருந்தார், கையில் வெள்ளைப் பூக்கள்.

"உள்ள வாங்க. அப்பா அங்க இருக்காரு. நான் பாஸாயிட்டேன்!"

தீமென் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. சொல்ல வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டார். குனிந்து, சில்லிட்டிருந்த அந்தச் சின்னக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள் நின்கெ."

பிறகு நிமிர்ந்து மரீகெயின் கையைப் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை.