ஒரு வளையம் குறைகிறது

மகள் கிளம்புவதற்குச் சரியாக இருபது மணி நேரம் இருந்தது. நாளை விடியற்காலை ஐந்து மணிக்குத் தனியாகக் காரில் பயணம். இப்போது சனிக்கிழமை காலை ஒன்பது. அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், பதினான்காம் எண் தூணுக்குப் பக்கத்தில், முன்சக்கரங்கள் இரண்டையும் இரும்புச் சாய்தளத்தில் ஏற்றிக்கொண்டு கார் அண்ணாந்து நின்றது. பின்சக்கரங்களுக்கு அடியில் செங்கல் முட்டுக்கொடுத்திருந்தாள். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தியிருந்தாள். சூடாக இருந்தால்தான் பழைய எண்ணெய் இளகி முழுதாக இறங்கும்.

அம்மா கையுறை மாட்டிக்கொண்டாள். மணிக்கட்டில் ரப்பர் 'பட்'டென்று அடித்தது.

"பேஷண்ட் ரெடியா?"

"அது கார்மா."

"எனக்குத் தெரியாதா? வயித்தத் திறக்கப் போறோம், உள்ள இருக்கறத வடிக்கப் போறோம், திரும்ப மூடப் போறோம். வேற என்ன பேர் சொல்றது?"

அம்மா இருபத்தெட்டு வருடமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கட்டடம் முழுக்க அவளை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும். உள்ளே போன கத்தி, கத்தரி, பஞ்சு எல்லாம் திரும்ப வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிச் சொல்வது அவள் வேலை. அவள் "சரி" என்று சொல்லாமல் பெரிய டாக்டர்கூட வயிற்றைத் தைக்க முடியாது.

போன தடவை வண்டியைப் பட்டறையில் விட்டு எடுத்து வந்தபோது, பேட்டரிக்குப் பக்கத்தில் யாரோ மறந்துவிட்டுப்போன ஸ்பேனர் ஒன்று கிடந்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டு போய்ப் பட்டறைக்காரரின் மேசையில் வைத்தாள். சத்தம் போடவில்லை. "மூடறதுக்கு முன்னாடி யார் எண்ணினது?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். அன்றோடு சரி. எண்ணாத இடத்தில் என் பிள்ளை வண்டியை விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எண்ணெய் மாற்றுவதை நாமே செய்வோம் என்றாள்.

நாமே என்றால் மகள் என்று பொருள். மகள் வேதியியல் படித்தவள். கண்ணாடிக் குழாயிலிருந்து ஒரே ஒரு சொட்டு விழச் செய்யத் தெரியும். ஸ்பேனரைத் தொட்டதில்லை. பதினொரு வீடியோ பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டாள். எண்ணெயும் ஃபில்டரும் வாங்கக் கடைக்குப் போனவள், மற்ற ஆட்கள் எல்லாம் போகட்டும் என்று பன்னிரண்டு நிமிடம் டயர் விளம்பரத்தைப் படித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் வாய் திறப்பது அவளுக்கு என்றுமே வந்ததில்லை.

வீட்டில் அம்மாவிடம் வாய் திறப்பதில் அவளுக்குச் சிரமம் இருந்ததில்லை. பத்தொன்பது நாளைக்கு முன்புவரை.

அன்றுதான் வேலைக்கான கடிதம் வந்தது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம், அறுநூற்று நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால். "ட்ரெய்னிங் மூணு மாசம்மா" என்றாள். அது உண்மைதான். அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு இழுத்தாள். அந்த ஒரு மூச்சுக்குள் அம்மா முந்திக்கொண்டாள். "மூணு மாசம்தானே! கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்." சிரித்துக்கொண்டே அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

அடுத்த வாக்கியம் உள்ளேயே நின்றுவிட்டது. பயிற்சி முடிந்த பிறகு அங்கேயே மூன்று வருடம் வேலை. முதல் வருடம் நீண்ட விடுப்பு கிடையாது. அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று.

பத்தொன்பது நாளும் அது நாக்கு நுனி வரை வந்து வந்து திரும்பியது. இதற்குள் அம்மா காலண்டரில் மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியைச் சுற்றிவிட்டாள். பெட்டியிலிருந்து தடித்த போர்வையையும் ஸ்வெட்டரையும் வெளியே எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். "குளிர் வர்றதுக்குள்ளதான் நீ வந்துடுவியே, எதுக்கு வீண் சுமை?" அப்பா போன பிறகு வீட்டில் ஆள் கணக்கு இரண்டு. இரண்டில் ஒன்றைக் கழிக்கப் பட்டப்படிப்பு தேவையில்லை. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் முடியவில்லை.

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு சொன்னால் முகம் தெரியாது.

செய்தித்தாளை விரித்து மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தாள். அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். மடியில் அட்டை, அட்டையில் தாள், தாளில் இரண்டு பத்தி. 'வெளியே வந்தது', 'உள்ளே போனது.'

"பதினேழு" என்று மகள் கையை நீட்டினாள்.

பதினேழாம் எண் ஸ்பேனர் உள்ளங்கையில் சுளீரென்று வந்து விழுந்தது.

"மெதுவாம்மா!"

"மெதுவா குடுத்தா கை நழுவும். இப்படித்தான் குடுக்கணும்."

போல்ட் அசையவில்லை. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள்.

"எந்தப் பக்கம் திருப்பறே?" என்றாள் அம்மா.

"இடப்பக்கம்."

"யாரோட இடப்பக்கம்? உன்னோடதா, பேஷண்டோடதா?"

தியேட்டரில் இடம், வலம் எல்லாம் படுத்திருப்பவருக்குத்தான், நிற்பவருக்கு இல்லை. கேள்வி நியாயமாகத்தான் பட்டது. மகள் குழம்பினாள். காரின் இடம் தனக்கு வலம் என்று கணக்குப் போட்டு, மறுபக்கம் பலமாகத் திருப்பினாள். போல்ட் கால் சுற்று சுற்றியது. இறுகிக்கொண்டது.

"அம்மா, இன்னும் டைட்டா ஆயிடுச்சு!"

"சரி, அப்ப உன்னோட இடம்தான்."

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நான் எத்தனை காருக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கேன், சொல்லு?"

இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கியபோது போல்ட் 'டக்'கென்று விட்டுக்கொடுத்தது. விரலால் கடைசிச் சுற்றைக் கழற்றியதும் எண்ணெய் கட்டை விரல் தடிமனில் வளைந்து பாய்ந்தது. மை மாதிரிக் கறுப்பு. அம்மா குனிந்து தொட்டியைச் சரியான இடத்துக்குத் தள்ளினாள்.

"அடேயப்பா! இத்தன நாளா இத உள்ளயே வெச்சுக்கிட்டா ஓடிக்கிட்டு இருந்துச்சு?"

மகள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். இதுதான் நேரம். "அம்மா..." என்றாள்.

"என்ன சிஸ்டர், ஆபரேஷனா?"

குடியிருப்போர் சங்கச் செயலாளரின் செருப்புகள் தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. மகளுக்குச் செருப்பு மட்டும்தான் தெரிந்தது. ஆனாலும் வாய் பூட்டிக்கொண்டது.

"ஆமா சார். தள்ளி நில்லுங்க, மாஸ்க் போடாதவங்களுக்கு உள்ள அனுமதி இல்ல."

"ஒரு சொட்டு தரையில விழுந்தாலும் மீட்டிங்ல என்னத்தான் சார் கிழிப்பாங்க... சிஸ்டர்னு சொல்ல வந்தேன்."

"விழாது. விழுந்தா நானே தொடைக்கறேன். எத்தன துணி வெச்சிருக்கேன்னு வேணா எண்ணிக்கோங்க. ஆறு."

"உள்ள யாரு, சின்ன சிஸ்டரா? பேச்சே காணோம்?"

"மயக்க மருந்து குடுத்திருக்கேன்."

செருப்புகள் சிரித்துக்கொண்டே போயின. சொல்ல வந்தது மறுபடியும் தொண்டைக்குக் கீழே இறங்கிவிட்டது.

எண்ணெய் நூலாகி, சொட்டாகி, நின்றது. போல்ட்டின் பழைய செம்பு வாஷரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு மூடினாள். பிறகு ஃபில்டர். கழற்றும்போது முழங்கை வரை எண்ணெய் வழிந்தது. அம்மா ஒரு துணியைக் கொடுத்து, ஒரு கோடு போட்டாள். புதிய ஃபில்டரின் விளிம்பில் இருந்த ரப்பர் வளையத்தில் மகள் புது எண்ணெயைத் தடவினாள். கையாலேயே திருகி, வளையம் பட்டதும் இன்னும் முக்கால் சுற்று. பதினொரு வீடியோவும் சொன்ன அதே முக்கால். தவழ்ந்து வெளியே வந்தாள். புனலை எடுத்தாள்.

"நில்லு" என்றாள் அம்மா. "எண்ணல."

"அம்மா, ஊத்திட்டா முடிஞ்சுது."

"எண்ணாம எதையும் முடிக்க முடியாது. துணி ஆறு. ஸ்பேனர் ஒண்ணு. பழைய வாஷர் ஒண்ணு, புதுசு ஒண்ணு உள்ள போயிருக்கு. சரி. பழைய ஃபில்டர் ஒண்ணு, புதுசு ஒண்ணு. சரி. ரப்பர் வளையம்..." பேனா நின்றது. "உள்ள ஒண்ணு போயிருக்கு. வெளிய வந்தது எங்க?"

"அது பழைய ஃபில்டர்லயே இருக்கும்மா."

அம்மா பழைய ஃபில்டரைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினாள். விளிம்பில் வெறும் பள்ளம். "இல்ல."

"தொட்டியில விழுந்திருக்கும்."

அம்மா கையுறையோடு கறுப்பு எண்ணெய்க்குள் கையை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, அடி முழுக்க விரலால் துழாவினாள். மூன்று தடவை. "ஒண்ணு குறையுது."

"அம்மா, ஒரு சின்ன ரப்பர்மா! எங்கயாவது உருண்டு போயிருக்கும். எனக்கு இன்னும் பெட்டி கட்டணும், விடேன்."

குரல் உயர்ந்துவிட்டது. அவளுக்கே கூச்சமாக இருந்தது. அம்மா கோபப்படவில்லை. முக்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு நாள் பஞ்சு ஒண்ணு குறைஞ்சுது. டாக்டர் அன்னிக்கு எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்துக்கிட்டு இருந்தார். நான் பயந்து மென்னு முழுங்கிட்டு நின்னேன். வாயத் தொறக்க நாலு நிமிஷம் ஆச்சு. அதுக்குள்ள பாதி தச்சுட்டார்."

"அப்புறம்?"

"பிரிச்சார். உள்ளதான் இருந்துச்சு. எனக்குச் செம திட்டு விழப் போகுதுன்னு நிக்கறேன். பெரிய சிஸ்டர் வந்து சொன்னாங்க, குறையுதுன்னு சொன்னவள யாரும் திட்டக்கூடாது, அதான் இங்க சட்டம்னு. எப்ப சொன்னாலும் சரி. தச்சு முடிச்ச அப்புறம் சொன்னாலும் சரி." அம்மா துணியில் கையைத் துடைத்தாள். "கழட்டு கண்ணு."

கழற்றினாள். புதிய ஃபில்டர் தன் வளையத்தோடு கையில் வந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மேலே பார்த்தாள். எஞ்சினின் வழவழப்பான இரும்பு முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கறுப்பின்மேல் கறுப்பு. நகத்தால் சுரண்டியபோது அந்தக் கறுப்பில் ஒரு ஓரம் பெயர்ந்தது. பழைய வளையம். அத்தனை நாள் சூட்டில் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பதினொரு வீடியோவிலும் வளையம் தானாக ஃபில்டரோடு வந்துவிட்டதால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையம் இருந்தால் பிடிப்பு நிற்காது. நெடுஞ்சாலையில், நூறோ இருநூறோ கிலோமீட்டரில், புது எண்ணெய் முழுவதையும் எஞ்சின் பீய்ச்சித் துப்பியிருக்கும். அவள் படித்தவள், அம்மாவுக்கு அதை விளக்கிச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

அம்மா வளையத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வளையல் அளவுகூட இல்லை. "தனியா நின்னிருப்ப ரோட்டுல" என்றாள். இவ்வளவு நேரம் கேலி பேசிய குரல் இல்லை அது. தாளில் ஒன்று என்று எழுதும்போது பேனா அழுந்திக் காகிதம் கிழிந்தது.

அதற்கப்புறம் எல்லாம் சீராக நடந்தது. இரும்பு முகத்தைத் துடைத்து, ஃபில்டரை மறுபடியும் மாட்டி, முக்கால் சுற்று. மூன்று லிட்டரும் கொஞ்சமும். தேன் நிறத்தில் இறங்கிய எண்ணெயைப் பார்த்து, "இது உள்ள போறதுக்கே கொடுத்து வெச்சிருக்கணும்" என்றாள் அம்மா. எஞ்சினை ஓடவிட்டு அணைத்தார்கள். இருவரும் கன்னத்தைத் தரையில் வைத்து, இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, அடியில் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. நடுவில் காரின் வயிறு. அதற்குக் கீழே அம்மாவின் முகம் பக்கவாட்டில் சாய்ந்து சிரித்தது.

மெல்ல வண்டியைச் சாய்தளத்திலிருந்து இறக்கினாள். சமதரையில், அளவுக்குச்சியின் மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே எண்ணெய் நின்றது.

அம்மா பையிலிருந்து வெள்ளை பிளாஸ்டரைக் கிழித்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டினாள். மருந்து பாட்டில்மேல் எழுதுவதுபோல இன்றைய தேதியை எழுதினாள்.

"அடுத்தது எப்ப?"

"ஐயாயிரம் கிலோமீட்டர். இல்லேன்னா ஆறு மாசம்."

"ஆறு மாசமா? நல்லதாப் போச்சு. அப்ப நீ இங்கதான இருப்ப." ஆறு மாதம் தள்ளிய தேதியை எழுதி, அதற்குக் கீழே 'வீட்டில்' என்று ஒரு வார்த்தை சேர்த்தாள். "ஸ்பேனர், புனல் எல்லாத்தையும் கழுவிப் பரண்ல போட்டுடறேன். அதுவரைக்கும் வேற யாரையும் தொட விடாத. நாம ரெண்டு பேருமே பண்ணிக்கலாம்."

மகள் விடமாட்டாள்தான். அம்மா சொன்னபடி யாரையும் தொடவிடாமல், வீட்டுக்கு வரும் நாளுக்காகக் காத்துக்கொண்டு, அதே எண்ணெயில் ஓட்டிக்கொண்டே இருப்பாள். அது கறுத்து, கூழாகி, ஒரு நாள் எஞ்சின் இறுகிப்போகும்.

"ஸ்பேனர நான் எடுத்துட்டுப் போறேன்மா."

"எதுக்கு? அங்க யாருக்கு ஆபரேஷன்?"

அம்மா துணிகளை மடித்து எண்ணிக்கொண்டிருந்தாள். நாலு, அஞ்சு, ஆறு. தாளில் கடைசிக் கோட்டைப் போட்டாள். "எல்லாம் சரி" என்றாள்.

மகளுக்குக் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. போகவில்லை. எண்ணெய் அப்பிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சரியா இல்லம்மா. ஒண்ணு குறையுது."

அம்மா பேனாவை மூடாமல் நிமிர்ந்தாள். கண் உடனே தாளுக்குப் போனது, பிறகு தொட்டிக்கு, பிறகு காருக்கு அடியில். எதிலும் குறையில்லை. கடைசியில் மகளின் முகத்துக்கு வந்து நின்றது.

"எது கண்ணு?"

"மூணு மாசம் ட்ரெய்னிங் மட்டும்தாம்மா. வேலை மூணு வருஷம்."