இருமலுக்கு அடித்த டிரம்ஸ்

எங்கள் இசைக்குழு முப்பது வருஷமாக ஓடுகிறது. டிரம்பெட் அண்ணன், டிரம்ஸ் நான். நெஞ்சு கெட்டுப்போன பிறகும் அண்ணன் ஊதுவதை விடவில்லை.

"என் இருமல் யார் காதுலயும் விழக் கூடாதுடா" என்பான்.

அதனால் அவன் பாட்டின் நடுவே முதுகைத் திருப்பி இருமும்போதெல்லாம் நான் டிரம்ஸை வெளுத்து வாங்குவேன். ஒரு பிரபல இசையமைப்பாளர் அதைக் கேட்டுத் தன் பாட்டிலும் அப்படியே வைத்தார். "என்ன கற்பனை!" என்று பேட்டியில் எங்களைப் புகழ்ந்தார். கற்பனையாம், மண்ணாங்கட்டி!

நேற்று ஆஸ்பத்திரி ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. டிரம்ஸ் எழும்பியதும், கண்மூடிக் கிடந்த அண்ணன் பழக்கதோஷத்தில் சுவர்ப்பக்கம் திரும்பி இருமினான்.

பாட்டு முடிந்தது. இருமல் நிற்கவில்லை. வார்டே திரும்பிப் பார்த்தது.

நான் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் அடிக்கத் தொடங்கினேன்.