தோள் அளவு

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைத்தெருவில் ஷட்டர்களைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே அண்ணியும் நாத்தனாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். அண்ணி உயரம், லிஃப்ட் மெக்கானிக். நாத்தனார் குள்ளம், உருண்டை. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்காருபவள். ஒரு நிமிஷம் வாய் மூடாத காரணத்தால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

மறுநாள் பதினொரு மணிக்கு அண்ணி ஒரு விசாரணையில் சாட்சி சொல்ல வேண்டும். அவள் பராமரித்து வந்த ஆறு மாடிக் குடியிருப்பின் லிஃப்டில் நான்கு மாதத்துக்கு முன் ஒரு விபத்து நடந்திருந்தது. என்ன பேச வேண்டும் என்று கம்பெனி வக்கீல் இரண்டு பக்கம் டைப் அடித்துக் கொடுத்துவிட்டார். வேலைக்குப் போகும் நீல உடுப்பில் வந்து நிற்காதே, வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டும் போட்டுக்கொள், பார்த்தாலே ஒரு நம்பிக்கை வர வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அண்ணியின் அலமாரியில் இருந்த நல்ல சட்டைகள் எதிலும் இப்போது கை நுழையவில்லை. கணவன் வெளியூர் வேலையில் இருந்தான். தனியாகப் போனால் எதையும் வாங்காமல் திரும்பிவிடுவாள், கூடப் போ என்று தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

பதினெட்டு வருஷமாக இரும்புக் கயிறு இழுத்தும் கைச்சக்கரம் சுற்றியும் அண்ணிக்குத் தோள் அகலமாகி, கை உருண்டு திரண்டிருந்தது. இடுப்போ கல்யாணத்தின்போது இருந்த அதே இடுப்பு. தோளுக்குச் சரியாக இருக்கும் சட்டை இடுப்பில் கூடாரம் அடிக்கும். இடுப்புக்குச் சரியாக இருப்பது முதுகில் விம்மிக்கொண்டு நிற்கும்.

முதல் கடையில் லார்ஜ் எடுத்தாள். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. எக்ஸெல் எடுத்தாள். தோளில் உட்கார்ந்தது, ஆனால் கை நீளம் விரல் நுனியை விழுங்கியது, மார்புக்குக் கீழே இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது. அண்ணி ட்ரையல் ரூமிலிருந்து வெளியே வந்து, கண்ணாடி முன்னால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். எந்தத் துணி போட்டாலும் அவள் அப்படித்தான் பார்ப்பாள். லிஃப்ட் குழிக்குள் நின்று மேலே எட்டிப் பழகியவள். அக்குளில் ‘படக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. விற்பனைப் பெண், மேடம், கொஞ்சம் மெதுவா என்றாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற பொம்மைக்கு அதே சட்டை வார்த்து ஊற்றியதுபோல இருந்தது. ரேடியோ சும்மா இருப்பாளா, பொம்மையின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். முதுகில் வரிசையாக ஆறு கிளிப் குத்தியிருந்தார்கள்.

“அண்ணி, இங்க வந்து பாருங்க. இந்த பொம்மைக்கே சேரல, நமக்கு எங்க சேரப்போகுது?”

அண்ணி சிரிக்கவில்லை. அதற்குள் வாசலைத் தாண்டி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் மாதிரிதான் அன்று முழுக்க இருந்தாள். ஹாங்கரிலிருந்து எடுப்பாள், பார்க்காமலே திரும்ப மாட்டுவாள். ரேடியோ ஒரு வரிசையைத் தேடி முடிப்பதற்குள் அவள் இரண்டு வரிசை தாண்டியிருப்பாள். இரண்டாவது கடையில் எக்ஸெல் என்று போட்டிருந்தது முதல் கடையின் லார்ஜுக்குச் சமமாக இருந்தது. இதென்ன கணக்கு என்று கேட்டதற்கு, ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒவ்வொரு அளவு என்று அங்கிருந்தவர் பெருமையாகச் சொன்னார். பிறகு ஃப்ரீ சைஸ் என்று ஒன்றைக் காட்டினார். அது ரேடியோவுக்கு முழங்காலைத் தொட்டது, அண்ணிக்குத் தொப்புளைத் தாண்டவில்லை.

ரேடியோ வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். தான் வாங்கும் ஒவ்வொரு பேன்ட்டிலும் நாலு விரல் வெட்ட வேண்டியிருப்பது, வெட்டிய துணியைச் சேர்த்தால் இந்நேரம் ஒரு ஜமுக்காளம் தைத்திருக்கலாம் என்பது, இந்தக் கடைக்காரர்கள் எல்லோரும் மனசுக்குள் ஒரே ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு அவளுக்கு மட்டுமே தைக்கிறார்கள், அவள் சாப்பிடுவதும் இல்லை, கையைத் தூக்குவதும் இல்லை என்பது. அண்ணி ‘ம்’ கொட்டினாள். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது கடையில் பொத்தான் இல்லாத வெள்ளை மேல்சட்டை ஒன்று கிடைத்தது. இழுத்தால் நீளும் துணி, தலை வழியாகப் போட வேண்டும், பக்கவாட்டில் ஒரு ஜிப். இது எல்லா உடம்புக்கும் சேரும் என்று விற்பனைப் பெண் உறுதியாகச் சொன்னாள். அண்ணி ட்ரையல் ரூமுக்குள் போனாள். ஐந்து நிமிஷம் கழித்து உள்ளேயிருந்து அடங்கிய குரலில், கொஞ்சம் உள்ள வா என்று கூப்பிட்டாள்.

ரேடியோ திரையை விலக்கி உள்ளே நுழைந்தாள். அண்ணியின் இரண்டு கைகளும் செங்குத்தாக மேலே நின்றன. சட்டை தோளில் சிக்கி, தலையையும் முகத்தையும் மூடியிருந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“அசையாதீங்க. ஜிப்பு எங்க இருக்குன்னு பாக்கறேன்.”

ஜிப் பாதியில் துணியைக் கடித்துக்கொண்டிருந்தது. ரேடியோ நகத்தால் நோண்டிக்கொண்டே, நாளைக்கு இதைப் போட்டுக்கொண்டு போனால் கையைத் தூக்கியபடியே சாட்சி சொல்ல வேண்டியதுதான் என்றாள். அந்தத் துணிக்குள்ளிருந்து அண்ணி பேசினாள்.

“அந்தப் பூட்டு தேஞ்சு போயிருந்தது எனக்குத் தெரியும்.”

ரேடியோவுக்கு முதலில் புரியவில்லை. எந்தப் பூட்டு என்று கேட்டாள்.

அண்ணி சொன்னாள். முகம் தெரியாத இடத்தில் நின்று பேசுவது சுலபமாக இருந்ததோ என்னவோ, ஒரே மூச்சாகச் சொன்னாள். மூன்றாவது மாடிக் கதவின் பூட்டு. லிஃப்ட் வந்து நின்றால்தான் அது திறக்க வேண்டும், ஆனால் இழுத்தால் சும்மாவே திறந்தது. சூப்பர்வைசருக்குப் போன் பண்ணினாள். புதுப் பூட்டு வரப் பத்து நாள் ஆகும், ஆறு மாடி, பாதிப் பேர் வயசானவர்கள், நிறுத்தினால் நமக்குத்தான் ஏச்சு, எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடு என்றார். போட்டாள். எட்டாம் நாள், வீடுகளைச் சுத்தம் செய்கிற அம்மா ஒருத்தி வாளியும் கையுமாக அந்தக் கதவை இழுத்தாள். திறந்தது. லிஃப்ட் நிற்கிறது என்று நினைத்து ஒரு காலை உள்ளே வைத்தாள். லிஃப்ட் இரண்டு மாடி கீழே நின்றிருந்தது. அதன் கூரைமேல் போய் விழுந்தாள். இடுப்பெலும்பும் தொடையும் முறிந்தன.

“வக்கீல் பேப்பர்ல, நான் பாத்தப்ப பூட்டு நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்கு. அந்தம்மா முரட்டுத்தனமா இழுத்து உடைச்சுட்டாங்கன்னு எழுதியிருக்கு.”

ரேடியோவின் கை நின்றுவிட்டது. வெளியே யாரோ, ஆச்சா என்று கேட்டார்கள். ரேடியோ ஜிப்பைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். தையல் நாலு விரல் அளவுக்குப் பிரிந்து, சட்டை கழன்று வந்தது. அண்ணியின் முடி கலைந்திருந்தது, முகம் சிவந்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தார்கள்.

பிரிந்த சட்டையை வாங்கியே ஆக வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். இருவரும் அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். நடைபாதை ஓரத்தில் நின்று, அண்ணனுக்கு இது தெரியுமா என்று ரேடியோ கேட்டாள். தெரியாது என்றாள் அண்ணி.

“கட்டின புருஷன்கிட்ட சொல்லல. என்கிட்ட சொல்லிட்டீங்க. இத நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

ரேடியோ குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆனால் நிறுத்தாமல் பேசினாள். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அண்ணனின் வேலை இன்றைக்கு இருக்கிறது, நாளைக்கு இல்லை. கையெழுத்து உங்களுடையது, சூப்பர்வைசர் போனில் சொன்னதற்கு சாட்சி யார், அவன் கையை உதறிவிட்டுப் போவான். அந்த அம்மாவுக்கு இன்ஷூரன்ஸ் ஏதாவது கொடுக்கும். பேப்பரில் இருப்பதைப் படித்துவிட்டு வாருங்கள், போதும்.

“கொடுக்காது,” என்றாள் அண்ணி. “அவங்கதான் உடைச்சாங்கன்னா ஒண்ணும் கொடுக்காது.”

ரேடியோ, பஸ் வருகிறது என்று சொல்லி, பஸ் வராத பக்கமாக விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

அண்ணி தனியாக நின்றாள். வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தாள், கால் போகவில்லை. எதிரே இன்னொரு கடை இருந்தது. பெண்கள் பகுதி மாடியில் என்று அம்புக்குறி போட்டிருந்தது. அவள் மாடி ஏறவில்லை. கீழேயே ஆண்கள் சட்டை அடுக்கியிருந்த பக்கம் போனாள். கடைக்காரர், சாருக்கு என்ன அளவு என்று கேட்டார். சாருக்கு இல்லை, எனக்குத்தான் என்றாள். அவர் ஒரு விநாடி தயங்கினார். பிறகு கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை எடுத்து, திரும்பி நிற்கச் சொல்லி, தோளின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அளந்தார். அன்று காலையிலிருந்து அவளை அளந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஒரே ஒரு வெள்ளைச் சட்டையை உருவி எடுத்துக் கொடுத்தார். தோள் உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் நின்றது. இரண்டு கையையும் தூக்கினாள், எங்கும் பிடிக்கவில்லை. இடுப்பில் மட்டும் காற்றுக்கு ஆடியது. கோட்டு வேண்டுமா என்றார். வேண்டாம் என்றுவிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் காலிங்பெல் அடித்தது. ரேடியோ நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போய்விட்டார்களா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவள், அண்ணி போட்டிருந்த சட்டையைச் சுற்றிவந்து பார்த்தாள். ஊசியும் நூலும் எங்கே என்று கேட்டாள். அண்ணியை நிற்க வைத்து, தான் தரையில் முட்டி போட்டு, இடுப்பின் இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்க ஆரம்பித்தாள்.

“நேத்து நான் சொன்னதுதான் சரி. இப்பவும் அதைத்தான் சொல்வேன். ஆனா நீங்க கேக்கப்போறதில்ல. உண்மையைச் சொல்றதுன்னு ஆயிட்டா, இப்படி தொளதொளன்னு போய் நின்னு சொல்லாதீங்க.”

“நீ வருவியா?”

“லீவு சொல்லிட்டேன்,” என்று ரேடியோ நூலைப் பல்லால் கடித்தாள்.

விசாரணை அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. அறையில் நீள மேசை, அதன் பின்னால் விசாரணை அதிகாரி, பக்கத்தில் தட்டச்சு செய்யும் பெண். ஓரத்து நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள், முன்னால் ஒரு வாக்கர், பக்கத்தில் அவள் கணவர். அண்ணி அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். தன் வயசுதான் இருக்கும்.

கோட்டு எங்கே என்று வக்கீல் காதோடு கேட்டார். கிடைக்கவில்லை என்றாள். அதிகாரி, நீங்கள் பரிசோதித்த அன்று பூட்டு எப்படி இருந்தது என்று கேட்டார். அண்ணியின் கையில் டைப் அடித்த தாள் இருந்தது. அவள் அதை மடித்து மேசைமேல் வைத்தாள். தட்டச்சுப் பெண் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

“தேஞ்சு போயிருந்தது சார். தெரிஞ்சுதான் கையெழுத்து போட்டேன்.”

வக்கீல் எழுந்து என்னவோ சொன்னார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். அண்ணி சொன்னாள். போன் பண்ணிய தேதி, நேரம், சூப்பர்வைசர் சொன்ன வார்த்தைகள், தான் எழுதிய வார்த்தைகள். அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் முதுகெல்லாம் நனைந்திருந்தது.

அதற்கான ஆணை வர ஐந்து வாரம் ஆயிற்று. அண்ணியின் உரிமத்தை ஆறு மாதத்துக்கு முடக்கினார்கள். போன் கம்பெனியிலிருந்து அழைப்புப் பட்டியல் வாங்கியதில் சூப்பர்வைசரும் மாட்டினார். அந்த அம்மாவுக்கு இழப்பீடு கொடுக்க உத்தரவானது. கணவன் ஊரிலிருந்து வந்து மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, நாலாம் நாள் பேசினான்.

அன்றைக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. அறையை விட்டு வெளியே வந்தபோது, நடையில் அந்த அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அண்ணி அவள் முன்னால் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அந்த அம்மா முந்திக்கொண்டாள்.

“இதை அன்னிக்கே எழுதியிருந்தா...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. களைப்புத்தான் இருந்தது.



நடையின் கோடியில் லிஃப்ட் இருந்தது. அந்த அம்மா அதன் பக்கமே திரும்பாமல் மாடிப்படியை நோக்கி நகர்ந்தாள். வரும்போதும் இப்படித்தான் ஏறினோம், லிஃப்ட் என்றாலே இவளுக்குக் கை கால் உதறுகிறது என்று கணவர் யாரிடம் என்றில்லாமல் சொன்னார். ஒரு கையால் மனைவியைத் தாங்கினார், இன்னொரு கையால் வாக்கரைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. அண்ணி கையை நீட்டினாள். அந்த அம்மா அவளைப் பார்த்தாள், பிறகு படியைப் பார்த்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

அண்ணி வாக்கரை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவர்கள் ஒரு படி இறங்கி நின்றார்கள். அண்ணியும் ஒரு படி இறங்கி நின்றாள். முந்தின நாள் முழுக்க நிலைகொள்ளாமல் தவித்த கால்கள், அந்த அம்மாவின் கால் அடுத்த படியைத் தேடும்வரை ஒவ்வொரு படியிலும் காத்துக்கொண்டு நின்றன.