சிரிப்புக்கு அபராதம்

ஜோதிலிங்கத்தின் சிரிப்புக்கு விலை இருநூற்றுப் பத்து ரூபாய். சொன்னவர் ராஜகோபாலன். சொன்ன இடம்தான் சரியில்லை. ஜோதிலிங்கம் அவர் காலடியில், கூடத்தின் நடுவில், இரண்டு ஐஸ் பாளங்களின் மேல் வெள்ளை வேட்டி போர்த்திப் படுத்திருந்தார்.

"அந்த அபராதத்தைப் பத்தி நீங்க கவலையே படப்படாது, மிஸஸ் ஜோதிலிங்கம்," என்று ராஜகோபாலன் குரலைத் தாழ்த்தினார். "இருநூத்திப் பத்தையும் தள்ளுபடி பண்ணிட்டோம். கமிட்டியிலே எல்லாரும் ஒத்துண்டாச்சு."

தங்கம் நிமிர்ந்து பார்த்தாள்.

காலையிலிருந்து அவளிடம் விலை சொன்னவர்களில் இவர் மூன்றாவது ஆள். முதல் ஆள், டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மீன் கடைகளுக்கு ஐஸ் போடுகிறவன். பாளத்துக்கு நாற்பது என்றான். பிணத்தின் பக்கத்தில் நின்று யார் பேரம் பேசப் போகிறார்கள் என்ற தைரியம். தங்கம் விருதுநகரில் மிளகாய் வற்றல் கமிஷன் கடைக்காரர் வீட்டில் பிறந்தவள். மீனுக்கு என்ன ரேட்டோ அதே ரேட்தான் மனுஷனுக்கும் என்று ஹிந்தியில் சொன்னாள். மீனுக்காவது நாளைக்கும் ஐஸ் வேண்டும், இது ஒரு தடவை சரக்கு என்றும் சொன்னாள். அவன் இருபத்தைந்துக்கு இறங்கி, பாளத்தை இறக்கி வைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்து ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனான். அடுத்தவன் மயான வண்டிக்காரன். அவனும் இறங்கினான். இவர் ஒருத்தர்தான் கேட்பதற்கு முன்பே தள்ளுபடி என்கிறார். கேட்காமல் விலை இறக்குகிறவனை நம்பாதே என்பதுதான் அவளுடைய அப்பா கொடுத்த சீதனத்தில் இன்னும் தேயாமல் இருப்பது.

"எதுக்கு அபராதம்?" என்றாள்.

ராஜகோபாலன் சர்க்காரில் அண்டர் செக்ரட்டரி. துக்கம் விசாரிக்கிற வீட்டில் குறுக்கு விசாரணை நடக்கும் என்று அவர் நினைக்கவில்லை. பின்னால், வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த ஜம்புவைத் திரும்பிப் பார்த்தார். ஜம்பு மாடி வீட்டுப் பையன், பேங்கில் வேலை.

"அதெல்லாம் இப்ப எதுக்குக்கா," என்றான் ஜம்பு. "அந்தப் படப்பெட்டி உங்க கட்டிலுக்கு அடியில இருக்கு. அதை மட்டும் எடுத்துக்கிறோம். என் மச்சான் இன்னைக்கு ராத்திரி சிங்கப்பூர் போறான். கேமரா அவனோடது. இன்னைக்கு விட்டா இனி ரெண்டு வருஷம் ஆகும்."

'நாலணா மாப்பிள்ளை' முப்பது வருஷத்துக்கு முந்தைய படம். கறுப்பு வெள்ளை, முழுக்கச் சிரிப்பு. ஆர்.கே.புரத்துத் தமிழர்களில் பாதிப் பேருக்கு அதன் வசனம் மனப்பாடம். ஆனால் எந்த வீடியோ லைப்ரரியிலும் காசெட் கிடையாது. யாரும் போடவில்லை, பழைய படத்தை யார் வாடகைக்கு எடுப்பார்கள்? அதனால் நாற்பது குடும்பம் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு ஒரு மீட்புக் கமிட்டி ஆரம்பித்தது. சாத்தூர்ப் பக்கம் மூடிப்போன ஒரு டூரிங் டாக்கீஸ்காரரிடம் சின்ன பிலிமில் ஒரு பிரிண்ட் இருப்பதைக் கண்டுபிடித்து, அவருக்கு எட்டு மாதம் கடிதம் எழுதிக் கரைத்தது ஜோதிலிங்கம். வந்த பிரிண்டில் பூசணம். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாடியில் உட்கார்ந்து எல்லாருமாகத் துடைத்தார்கள். மெத்தென்ற துணி வேண்டுமென்று தங்கத்தின் பழைய சுங்குடிச் சேலை ஒன்று மாடிக்குப் போனது; திரும்பவில்லை. அதற்கு அவள் ஒரு வாரம் பேசவில்லை. அவள் பேசாதது அவருக்குத் தெரிந்ததா என்பதே சந்தேகம். வீட்டில் அவர் பேசுகிற ஆளும் இல்லை, சிரிக்கிற ஆளும் இல்லை. ஆபீஸ், பால், ரேஷன், ரேடியோவில் செய்தி. இன்று காலை பால் பூத் வரிசையில் நின்றபோதும், பக்கத்து சர்தார்ஜியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்தான் சரிந்தார்.

"எதுக்கு அபராதம்னு கேட்டேன்," என்றாள் தங்கம்.

ஜம்பு சொன்னான். போன ஞாயிறு, சுவரில் படத்தை ஓட்டி, அதைக் கேமராவில் பிடித்தார்கள். சத்தமும் கேமராவின் மைக்கில்தான் ஏறும். ஆகவே பார்க்கிறவன் மூச்சு விடக்கூடாது. சிரித்தால் காசெட் பாழ். சிரிக்கிறவன் புதுக் காசெட்டுக்கு இருநூற்றுப் பத்து ரூபாய் தர வேண்டும் என்று ரூல். எல்லாரும் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"ஜோதி சார் மட்டும் சிரிச்சிட்டாருக்கா. ஒண்ணாந்தேதி சம்பளம் வந்ததும் தர்றேன்னாரு."

"யாரு, இவரா?"

"ஆமாக்கா."

"இவரு சிரிச்சாரா?"

அழுதுகொண்டிருந்த இரண்டு பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். தங்கத்தின் முகம் சிவந்துவிட்டது.

"நல்லா இருக்குய்யா உங்க நியாயம். இருபது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். இவரு சிரிச்சு நான் பாத்ததில்ல, இந்தச் சுவரு பாத்ததில்ல. வேற எவனோ சிரிச்சிருக்கான். செத்தவன் வந்து இல்லேன்னு சொல்லவா போறான்னு இவரு தலையில எழுதிட்டீக. எழுதிட்டு, தள்ளுபடி வேற! தள்ளுபடி வாங்க நாங்க என்ன திவாலாவா ஆயிட்டோம்?"

"மிஸஸ் ஜோதிலிங்கம், கொஞ்சம் மெதுவா..."

"படத்தைக் கண்டுபிடிச்சது யாரு?"

"அவர்தான்."

"சாத்தூருக்கு லெட்டர் போட்டது?"

"அவர்தான். ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கோன்னோ?"

"கமிட்டியில வேற யாரு அபராதம் கட்டினாக?"

ராஜகோபாலன் ஐஸ் பாளத்தைப் பார்த்தார். அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் பித்தளைத் தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

தங்கம் எழுந்தாள். "அந்தக் காசெட் எங்க இருக்கு?"

"மாடியிலதான்க்கா. அதை அழிச்சிட்டு அதுலயே திரும்ப எடுக்கப் போறோம்."

"போட்டுக் காட்டு. சரக்கைப் பாக்காம நான் கணக்குத் தீக்கறதில்ல."

பூங்கோதை ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். பிளஸ் டூ முடித்தவள், டெல்லியில் பிறந்தவள். "அம்மா, பாகல் ஹோ கயீ ஹோ? பைத்தியம் பிடிச்சிருச்சா? அப்பா இங்க இருக்காரு, நீ டி.வி. பாக்கப் போறியா? எல்லாரும் என்ன சொல்வாங்க?"

"சொல்லட்டும். உங்கப்பா பேர்ல பொய்க் கணக்கு எழுதறாங்க. நீ விளக்கு அணையாமப் பாத்துக்க."

தலைமுடி அவிழ்ந்தபடி, குளிக்காமல், காலையில் கட்டியிருந்த சேலையோடு, அவள் மாடிப்படி ஏறினாள். எதிர் பிளாக்கின் பால்கனிகளில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

ஜம்புவின் வீட்டில் ஒரு சுவருக்கு மட்டும் புதிதாக வெள்ளையடித்திருந்தது. அதில் நடுவில் ஓர் ஆணி, பிடுங்க வராமல். டி.வி.யில் படம் வந்தபோது கதாநாயகனின் நெற்றியில் அந்த ஆணி மச்சமாக உட்கார்ந்திருந்தது. கூடவே புரொஜக்டரின் கடகடப்பும் காசெட்டில் ஏறியிருந்தது.

ஒரு பலசரக்குக் கடை. வரப்போகிற மாமனாருக்குப் பயந்து மாப்பிள்ளை புளிச் சாக்குக்குள் ஒளிந்திருக்கிறான். மாமனார் வருகிறார். சாக்கைப் புளியென்றே ஒரு வியாபாரிக்கு விற்கப் போகிறார். நாலு பேர் சேர்ந்து சாக்கைத் தராசில் ஏற்றுகிறார்கள். மாமனார் எடைக்கல்லைக் கையில் எடுக்கிறார்.

அப்போது வந்தது. மே மாதத்தில் விடிகாலை தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் இருமுமே, அது மாதிரி முதலில் இரண்டு இருமல். பிறகு அடக்கி, அடக்க முடியாமல், மூக்கு வழியாக ஒரு பீறிடல். பிறகு சிரிப்பு. கொழுத்த, வெட்கங்கெட்ட சிரிப்பு. கல் இன்னும் தராசில் வைக்கப்படவில்லை.

"பாத்தேளா?" என்றார் ராஜகோபாலன். "ஜோக் வர்றதுக்கு முன்னாடியே சிரிக்கறார். ஜோக்கோட சேந்து சிரிச்சிருந்தாலாவது ஏதோ சமாளிச்சிருக்கலாம்."

"திருப்பிப் போடு," என்றாள் தங்கம்.

ஜம்பு போட்டான். குழாய் இருமியது.

"இன்னொருக்கா."

மூன்றாவது தடவைக்கு அவளுக்குச் சந்தேகம் போய்விட்டது. அந்த இருமல் அவளுக்குத் தெரியும். தினமும் விடிகாலையில் பல் தேய்க்கும்போது கேட்கிற இருமல். அதற்குப் பின்னால் இப்படி ஒன்று இருப்பதுதான் தெரியாது. எங்கே வைத்திருந்தார்? பூங்கோதை நடக்கக் கற்றபோது வரவில்லை. பிரமோஷனுக்கு வரவில்லை. இரண்டு அறை வீட்டில் ஒரு மனுஷன் இவ்வளவு பெரிய சாமானை எந்த மூலையில் ஒளிக்க முடியும்? மாடியில் வந்து, இந்தத் துண்டு கடித்த கும்பலுக்கு நடுவில், இறக்கி வைத்திருக்கிறார். ஒருமுறை சாப்பிடும்போது, "தங்கம், அந்தச் சாக்கு மூட்டை சீன்ல..." என்று ஆரம்பித்தார். "பிரிண்டுக்கு எவ்வளவு கேக்கறான்?" என்றாள் இவள். தொகையைச் சொன்னார். அவ்வளவுதான். அப்புறம் மோர் ஊற்றினாள்.

"வேற எங்க எல்லாம் இருக்கு?"

"இருக்குக்கா. பத்துப் பதினஞ்சு இடத்துல."

"எல்லாத்தையும் போடு."

"நாழியாறது, மிஸஸ் ஜோதிலிங்கம்."

"போடச் சொன்னேன்."

ஜம்பு ஓட்டி ஓட்டி நிறுத்தினான். ஒவ்வொன்றும் ஜோக்குக்கு முன்னால். கதவு தட்டப்படுவதற்கு முன்னால், வாழைப்பழத்தோல் திரைக்குள் வருவதற்கு முன்னால். கடைசியில் ஓரிடத்தில் யாரோ "ஷ்ஷ்!" என்றார்கள். உடனே ஜோதிலிங்கத்தின் குரல், "ஸாரி, ஸாரி." பிறகு மறுபடியும் சிரிப்பு.

தங்கம் ராஜகோபாலன் பக்கம் திரும்பினாள். "ஷ்ஷுன்னது யாரு?"

"நான்தான். நிறுத்தணுமேன்னு..."

"அதுவும் காசெட்டுல ஏறியிருக்கே. அதுக்கு எவ்வளவு அபராதம் கட்டினீக?"

டி.வி.யில் யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"சிரிப்புப் படத்தைக் காப்பாத்தப் போறேன்னு கூட்டம் சேத்து, சிரிச்ச ஒரே ஆளுக்கு பில் போட்டிருக்கீக. உங்களுக்குக் கல்லாப்பெட்டியே தேவலை. அதுக்காவது திறந்தா ஒரு சத்தம் வரும்." அவள் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தாள். "படப்பெட்டியை எடுத்துக்குங்க. இன்னைக்கே எடுங்க. வண்டி நாலு மணிக்கு வருது. அதுக்கு முன்னாடி கமிட்டி மொத்தமும் கீழ நிக்கணும், எனக்குத் தோள் குடுக்க ஆள் வேணும். இந்தக் காசெட் எனக்கு."

"அதுலதானே எடுக்கணும்? ஃபண்ட்ல பைசா கெடையாது."

அவள் நோட்டுகளை எண்ணி நீட்டினாள். ராஜகோபாலனுக்குக் காது மடல் சிவந்தது. "இல்லே, வேண்டாம். அப்படியே எடுத்துக்கோங்கோ. ரொம்ப வற்புறுத்தினேள்னா பாதி குடுங்கோ. யூஸ்டு காசெட்தானே."

"நீங்க சொன்ன விலை இருநூத்திப் பத்து," என்றாள் தங்கம். "எண்ணிப் பாருங்க."

சரோஜினி நகருக்குப் புதுக் காசெட் வாங்க ஜம்பு ஸ்கூட்டரை உதைத்தான்.

ஒரு மணி சுமாருக்கு அம்பாலாவிலிருந்து ஜோதிலிங்கத்தின் தம்பி பச்சைமுத்து வந்து சேர்ந்தார். ஏர்ஃபோர்ஸ்காரர். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்துத் தலையைத் தூக்கியபோதுதான் மேலே கேட்டது. தவில், நாகஸ்வரம், ஓர் ஆள் படியில் உருளும் சத்தம், யாரோ கீச்சுக்குரலில், "ஐயையோ, மாமனார்!"

"எவன்டா அவன்?" என்று எழுந்தார் பச்சைமுத்து. "இழவு வீட்டுக்கு மேல படம் ஓட்டறானா? அறிவு கெட்ட பயலுவ. காலை ஒடச்சுட்டு வாரேன்."

"நான்தான் ஓட்டச் சொன்னேன்," என்றாள் தங்கம். "உக்காருங்க தம்பி."

பச்சைமுத்து பூங்கோதையைப் பார்த்தார். அவள் கையை விரித்தாள். பக்கத்து பிளாக் பஞ்சாபி அம்மாள் காதில் கைவைத்து, ஹரே ராம் என்று எழுந்து போனாள். தங்கம் ஐஸ் தண்ணீர் நிரம்பிய தட்டை எடுத்துக் கொட்டிவிட்டு, வேறு தட்டு வைத்துவிட்டு, தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள்.

மேலே புளி வியாபாரி பேசினான். மாமனார் பேசினார். நாலு பேர் ஏலேலோ போட்டுச் சாக்கைத் தராசில் ஏற்றினார்கள். தங்கம் விட்டத்தைப் பார்த்தாள். இப்போது கையில் கல்லை எடுத்திருப்பார்.

மாடியில் யாரும் மூச்சு விடவில்லை. ஜோதிலிங்கமும் இந்தத் தடவை ரூலை மீறவில்லை.

ணங்கென்று கல் தராசில் விழுந்தது.

மூன்றரைக்குப் படம் முடிந்தது. கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கீழே வந்து, கழுத்தில் கசங்கிய துண்டோடு, சுவரோரம் நின்றார்கள். ராஜகோபாலன் சட்டையைக் கழற்றிவிட்டு, பூணூலோடு, மூங்கிலைப் பிடிக்க முதலில் வந்து நின்றார். தங்கம் அவரைப் பார்க்கவில்லை.

பச்சைமுத்து சுருக்குப்பையை வாங்கி, சிகரெட் அட்டையின் பின்புறம் கணக்கு எழுதினார். ஊருக்குச் சொல்ல வேண்டும், பெரியப்பா கேட்பார்.

"ஐஸ் அம்பது. வண்டி நூத்தி இருவது. மூங்கில், பானை, துணி எம்பது. பூ முப்பத்தஞ்சு. ஆக இருநூத்தி எம்பத்தஞ்சு. காலையில பையில எவ்வளவு இருந்துச்சு அண்ணி?"

"அறுநூறு."

அவர் இரண்டு முறை எண்ணினார். "நூத்தி அஞ்சுதான் இருக்கு. இருநூத்திப் பத்து இடிக்குதே. என்ன செலவுன்னு எழுத?"

வாசலில் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். தங்கம் குனிந்து, ஜோதிலிங்கத்தின் மேல் வேட்டி ஐஸில் ஒட்டியிருந்த இடத்தை மெல்லப் பிரித்து எடுத்தாள்.

"எழுதாதீங்க தம்பி. இடிக்கட்டும்."