ஆறெழுத்துக்கு ஒரு சூட்டு அலமாரி

அம்மா இறந்த பதினாறாம் நாள் பல்லிகள் வந்தன. எல்லா வீட்டுக்கும் வருவதுதான். போனவரின் பெயரில் எத்தனை எழுத்தோ அத்தனை பல்லி. அம்மாவின் பெயர் சொர்ணவல்லி. ஆறு வந்தன.

கொண்டுவந்தவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார். ஆறு துணிப்பைகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு. சொ, ர், ண, வ, ல், லி.

“சரியா இருக்கான்னு பாத்துக்குங்க,” என்றார்.

பார்த்தேன். சரியாக இருந்தது. இவை சுவரில் ஓடும் பல்லிகள் இல்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள். வால் பருத்திருந்தது. கண்ணுக்கு இமை இருந்தது. ஒவ்வொன்றாக என்னைப் பார்த்து இமைத்தன.

“வயித்துக்கு அடியில முப்பத்திரெண்டு டிகிரி சூடு இருக்கணும். ஒரே பொட்டியில போட்டா கடிச்சுக்கும். தனித்தனியா வையுங்க. எட்டு நாள் டைம்.”

“வைக்க முடியலைன்னா?”

“செத்துரும். செத்தாலோ, தீனி எடுக்கலைன்னாலோ அந்த எழுத்த எடுத்துக்குவோம்.”

கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

குன்னூரில் அன்று பதினோரு டிகிரி. வீட்டில் நான் மட்டும்தான். வேறு வழி தெரியாமல் ஆறையும் என் ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டேன். மத்தியானத்துக்குள் ண போய் வ-வின் வாலைக் கடித்தது. அம்மாவுக்குத் தன்னோடே இவ்வளவு சண்டை இருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் பல்லிச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். சூட்டு அலமாரி கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. ஆறு இழுப்பறைகள், உள்ளே மெல்லிய வெளிச்சம். விலையைக் கேட்டேன். கடைக்காரர் விலையைச் சொல்லவில்லை. வெளியே வந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு, “கவர்மென்டுல இலவசமா தர்றாங்க, எழுதிக் குடுத்துப் பாருங்க,” என்றார்.

அலுவலகம் பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. படியேறியதும் நீளமான நடைகூடம். அதன் கோடியில் ‘ஊர்வன சூட்டுப் பிரிவு’ என்ற பலகை தெரிந்தது. காலையில் நடக்கத் தொடங்கினேன். பாதி வழியில் ஒருவர் டீ விற்றுக்கொண்டிருந்தார். “திரும்பிப் போறவங்களுக்கு மட்டும்தான்,” என்றார். சாப்பாட்டு நேரம் முடிகிறபோது பலகையை அடைந்தேன்.

மேசைக்குப் பின்னால் ஓர் அம்மாள் கையுறை பின்னிக்கொண்டிருந்தார். என் படிவத்தைப் பார்த்தார்.

“கூட வசிக்கிறவர் கையெழுத்து எங்கே?”

“கூட யாரும் இல்லைங்க மேடம். தனியா இருக்கேன்.”

“தனியா இருக்கீங்கன்னு யாராவது சொல்லணுமே.”

“நான்தான் சொல்றேன்.”

“நீங்க சொன்னா செல்லாது. கூட வசிக்கிறவர் எழுதித் தரணும்.”

அவர் இரண்டு வரி பின்னினார்.

“இறந்தவர் பேரு?”

“சொர்ணவல்…” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. நாக்கு அந்த இடத்துக்குப் போய் வெறுமனே திரும்பியது. மறுபடி முயன்றேன். “சொர்ணவல்.”

“கடைசி ஒண்ணு சாப்பிடல போலிருக்கு,” என்றார் அவர், தலை நிமிராமல்.

வீட்டுக்கு ஓடினேன். ஆறையும் அடுப்படியில் தனித்தனிப் பாத்திரங்களில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். லி என்ற சீட்டுப் போட்ட பல்லி தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. வால் மெலிந்து போயிருந்தது. புழுவைக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பக்கத்து வீட்டு ஈசாக்கு அண்ணன் ஓய்வுபெற்ற வயர்மேன். முன்பெல்லாம் எங்களுக்கு நடுவே ஒரு சுவர்தான். அம்மா போனதிலிருந்து தூரம் கூடிக்கொண்டே வந்தது. இப்போது அவர் வீட்டுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

“எத்தனை நாள் ஆச்சு?”

“நாலு.”

“முன்னாடியே வந்திருக்கலாமில்ல குணா,” என்றார். டெஸ்டரை எடுத்துச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது சொன்னார். “போன டிசம்பர்ல மூணு நாள் கரண்டு இல்ல. போர்வை போட்டேன், சுடுதண்ணி பாட்டில் வெச்சேன். நாலும் போயிருச்சு.”

இறந்துபோன அவருடைய மனைவியின் பெயரை நினைத்துப் பார்த்தேன். இருபது வருஷம் அந்த அக்கா கையால் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கும் வரவில்லை. ஈசாக்கு அண்ணனின் உதடு நான்கு முறை அசைந்தது. சத்தம் எதுவும் வெளியே வரவில்லை.

மூடிப்போன செருப்புக் கடையிலிருந்து ஓர் இரும்பு ஸ்டாண்டைக் கேட்டு வாங்கினோம். ஆறு தட்டுகளை அளந்து பூட்டினோம். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிளாஸ்டிக் டப்பா. மூடி கிடையாது. மேல் தட்டே கீழ் டப்பாவுக்குக் கூரை, உச்சியில் இருந்ததற்கு ஒரு பலகை. நடுவே சீட்டுக்கட்டின் ஒரு சீட்டு நுழையலாம், பல்லியின் தலை நுழையக் கூடாது. அதற்காக அவர் ஒரே தட்டை ஏழு முறை கழற்றி மாட்டினார். நான் சால்டரிங் இரும்பால் டப்பாக்களின் பக்கத்தில் காற்றுக்குத் துளை போட்டேன். பிளாஸ்டிக் கருகும் வாசனை வீடெங்கும் பரவியது. அம்மா இருந்தால் ஜன்னலைத் திறந்திருப்பாள்.

தட்டுகளின் பின்பக்கத்தில் மட்டும் கரண்டில் சூடேறும் நாடாவை ஒட்டினார்.

“முழுக்க ஒட்டிரலாமே அண்ணா?”

“கூடாது. சூடு வேணும்னா பின்னாடி போகும், போதும்னா முன்னாடி வரும். எது வேணும்னு அதுதான் முடிவு பண்ணணும். நான் எல்லாப் பக்கமும் போர்த்தி வெச்சேன்.”

சூடு எல்லை தாண்டாமலிருக்கத் தெர்மோஸ்டாட்டை மாட்டினார். சூட்டை அறியும் அதன் கம்பியை நாடாமேல் வைத்து அழுத்தி ஒட்டினார். சுவிட்சைப் போட்டார். எண் பதினொன்றிலிருந்து ஏறத் தொடங்கியது. முப்பத்திரெண்டில் கிளிக் என்று நின்றது. அவர் விரலை நாடாவிலிருந்து எடுக்க வெகுநேரம் ஆனது.

பல்லிகளை உள்ளே விட்டோம். ஐந்து நேராகப் பின்பக்கம் போய் வயிற்றைப் பரப்பிப் படுத்தன. லி-யை நான்தான் தூக்கிக் கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது.

எட்டாம் நாள் காலை காக்கிச் சட்டைக்காரர் வந்தார். ஒவ்வொரு டப்பாவாக இழுத்தார். ஐந்து முறை தலையசைத்தார். ஆறாவதில் நின்றார். பையிலிருந்து ஒரு சிறிய உறையை எடுத்தார். அதன் வாயை ஊதித் திறந்தார்.

“இது இன்னும் சாப்பிடல.”

“இன்னைக்கு முழுசா டைம் இருக்குல்ல?” என்றார், அதுவரை கூடவே தங்கியிருந்த ஈசாக்கு அண்ணன்.

“பகல் பன்னெண்டு மணி வரைக்கும் இருக்கு.”

காக்கிச் சட்டைக்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். உறையைத் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டார். நான் முட்டிபோட்டு, இடுக்கியில் புழுவைப் பிடித்து லி-யின் முன்னால் நீட்டினேன். கை மரத்தது. கையை மாற்றினேன். பதினொன்றரைக்கு அது கண் திறந்தது. பதினொன்றே முக்காலுக்கு ஓரடி வைத்தது. வாலின் நுனி மட்டும் மெல்ல அசைந்தது. பிறகு கடித்தது. ஒருமுறை மென்றது. நிறுத்தி, என்னைப் பார்த்தது. விழுங்கியது.

காக்கிச் சட்டைக்காரர் காலி உறையை ஒட்டிப் பையில் போட்டார்.

“பேரச் சொல்லுங்க.”

“சொர்ணவல்லி.”

“இன்னொரு வாட்டி.”

“சொர்ணவல்லி.”

நோட்டில் ஒரு டிக் அடித்துவிட்டுப் போனார்.

ஈசாக்கு அண்ணன் கருவிகளைத் துடைத்துப் பையில் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

“குணா, உங்கம்மா பேர நானும் ஒருதடவ சொல்லிப் பாக்கட்டுமா?”

“சொல்லுங்கண்ணா.”

“சொர்ணவல்லி,” என்றார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். “நல்லாருக்கு,” என்றார். பிறகு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

நான் அலமாரிக்குத் திரும்பினேன். லி இன்னொரு புழு கேட்கிறதா என்று பார்க்க டப்பாவை இழுத்தேன். அது பின்பக்கத்தில், நாடாவுக்கு மேலே, மற்றவற்றைப் போலவே வயிற்றைப் பரப்பிப் படுத்திருந்தது.

“யாருப்பா அது?” என்றது. “உள்ள தள்ளு. குளிர் வருது.”

அது அம்மாவின் குரல் இல்லை. எனக்குத் தெரிந்த யாருடைய குரலும் இல்லை.

“நான்தான்,” என்றேன்.

“சரி. உள்ள தள்ளு.”

டப்பாவை உள்ளே தள்ளினேன். இடைவெளி சரியாக இருந்தது, ஒரு சீட்டு அளவு. வேறு ஏதாவது கேட்கும் என்று அங்கேயே நின்றேன். தெர்மோஸ்டாட் கிளிக் என்றது. யாரும் எதுவும் கேட்கவில்லை.